இரண்டு தலைவர்களுக்கும் ஒரே குரல்

அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்,

ஏறாவூரில் நீங்களும் நம் மகள் இனாயாவும் சுகம்தானே? தேர்தல் மேடை மேடையாகப் பாடிய தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். குவைத்தில் நான் நல்ல சுகம்.

நேற்று என் அறையில் இருக்கும் நஸ்ரினுக்கும் பாஹிமாவுக்கும் தேர்தல் பாட்டால் சண்டை. ஆளுக்கொரு தலைவர், ஆளுக்கொரு போனில் அவரவர் தலைவரின் பாட்டு.

"நம்மட தலைவர்ர பாட்டுக்கு முன்னால உங்கட ஆள்ர பாட்டு நிக்குமா புள்ள?" என்றாள் நஸ்ரின்.

கேட்டால், இரண்டும் ஒரே மெட்டு, இரண்டிலும் உங்கள் குரல்! பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று சிரித்தேன்.

கருவாடும் இனாயாவின் பழைய சட்டை ஒன்றும் இங்கே வரும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அந்தப் பாட்டை ஒருக்கா என் பெயர் போட்டும் பாடி அனுப்புங்கள். 'வாக்குப் போடு' என்கிற இடத்தில் 'வந்து சேரு' என்று பாடினால் போதும்.

உங்கள் ஸில்மியா