இரண்டு செல்வி

அன்பு மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும் என்றாள் அம்மா. இந்த அழைப்பிதழை நீ கையில் தொட்டுப் பார்க்க வேண்டும், அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன்.

நீ படித்த தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு நீயே சிறப்பு விருந்தினர். அச்சு வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். லிட்டில் இந்தியா அச்சகத்தில் காட்டிய தாளில், 'செல்வி தங்கராஜு, பொறியாளர், பத்து காவான்' என்று நீ வேலை பார்க்கும் ஊரோடு சேர்த்து இருந்தது.

"செல்வி ரெண்டு தடவ எழுதியிருந்தீங்க அண்ணே. தப்புன்னு ஒண்ணைத் தூக்கிட்டேன்" என்றார் கடைக்கார அம்மா.

"தப்பில்லம்மா. ஒண்ணு பேரு. இன்னொண்ணு கல்யாணம் ஆகாதவங்களுக்குப் போடுறது."

"நாப்பது வயசுன்னீங்க. பேரு மட்டும் இருக்கட்டுமே அண்ணே, பாக்குறவங்க கேப்பாங்க லா."

"கேக்கட்டும் லா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை மாற்றத்தான் நான் வரிசையாக மாப்பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அப்புறம் நீ வீட்டுக்கு வருவதில்லை. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

நீ பிறந்தபோது தெருவுக்கு ஒரு செல்வி இருந்தாள். இருந்தும், செல்வம் உள்ளவள் என்று நினைத்துத்தான் வைத்தோம். அழைப்பிதழில் இரண்டாவது செல்வி அதுதான், நாங்கள் வைத்தது. முதல் செல்வி நீயாக வைத்துக்கொண்டது. மேடையில் இரண்டையும் விடாமல் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

உன் பெயருக்குப் பின்னால் நிற்கும்,
அப்பா தங்கராஜு