ஒரே அறையில் இரண்டு குரல்

10 ஜூலை 2005, ஞாயிறு

ஷஹீனின் சிடி வந்துவிட்டது. அவள் அண்ணன் வாஹித் பாஷா, வேலூர் வந்தவர், ரெனால்ட் அண்ணன் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் நேராகக் கடைக்கு ஓடினேன். மேலே அவள் கையெழுத்து: "ப்ரிஸ்ஸிக்கு. அக்கா ரெடி."

நாடகம் நான் எழுதியது. கல்யாணமாகிப் போகும் அக்காவும் தங்கையும் மின்வெட்டில் உட்கார்ந்து பெட்டி அடுக்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஷஹீன் அக்கா, நான் தங்கை. ஆம்பூரிலேயே இருந்திருந்தால் ஒரே மைக்கின் முன்னால் உட்கார்ந்து பேசியிருப்போம். அம்மாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டதால், அவள் பங்கை அவள் வீட்டிலும் என் பங்கை என் வீட்டிலும் பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேர்ப்பதாக ஏற்பாடு. செப்டம்பரில் இங்கே ஒரு கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்கான ஒலி நாடகப் போட்டி. அதுவரைக்குமாவது எங்களுக்குள் பேச ஒரு விஷயம் இருக்கும்.

இதை எழுதியபிறகு படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. உண்மைதானே.

11 ஜூலை, திங்கள்

பிளஸ் ஒன் வகுப்பில் என் பெஞ்சில் தனகோடி என்றொருத்தி. திமிரியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். "இன்னா எப்பப் பாத்தாலும் எழுதினே இருக்க?" என்றாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

16 ஜூலை, சனி

ரெனால்ட் அண்ணன் பெரியம்மா மகன். கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடை வைத்திருக்கிறான். அவன் சாப்பிடப் போகும் நேரம் கம்ப்யூட்டர் எனக்கு.

ஷஹீன் பேசிய வசனங்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். நடுவில் இருந்த மிச்சத்தைக் கேட்காமலே தள்ளிவிட்டு, என் வசனங்களை இடையில் கோத்தேன். கேட்டால் பகீரென்றது. அவள் குரல் கனமாக, காதருகே இருக்கிறது. அவள் பேசியது அவர்கள் வீட்டு மாடியறையில். அவள் அத்தா வாங்கி விற்கும் தோல் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருக்கும், எதிரொலியே கிடையாது. என் அறையில் புது சுண்ணாம்புச் சுவர் மட்டும்தான். என் குரல் தகரம் மாதிரி இருக்கிறது.

அண்ணன் பல்குத்திக்கொண்டே வந்து கேட்டான். "அக்கா வீட்டுக்குள்ள இருக்கா, தங்கச்சி கிணத்துக்குள்ள இருக்கா. யாரு தள்ளிவிட்டது?"

24 ஜூலை, ஞாயிறு

சுவரெல்லாம் போர்வை, ஜமுக்காளம், அப்பாவின் ஸ்வெட்டர் தொங்கவிட்டு என் வசனங்களை மறுபடி பேசினேன். எதிரொலி போய்விட்டது. தகரம் போகவில்லை.

சாப்ட்வேரில் குரலை ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது. இடது பக்கம் தடித்த சத்தம், வலது பக்கம் கூர்மையான சத்தம். ஷஹீனின் கோடு இடதுபுறம் மேடு, வலதுபுறம் சரிவு. என்னுடையது தலைகீழ். "ஒண்ண மாதிரியா வெச்சுக்க, இன்னொண்ண அதுக்கு ஏத்தாப்ல மாத்து" என்றான் அண்ணன். நான் யோசிக்கவே இல்லை. அவளைத்தான் மாதிரியாக வைத்தேன்.

அவள் கோட்டின் மேல் என் கோட்டை அப்படியே படியவைத்தேன். நான் தலையணைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. "பாதி போதும்டி, ஜாஸ்தி இழுக்காத" என்றான். பாதியாகக் குறைத்தேன். கூர்மையை இன்னும் கொஞ்சம் வெட்டினேன். கண்ணை மூடிக் கேட்டேன்.

ஒரே வீடு!

31 ஜூலை, ஞாயிறு

ஒரே வீடுதான். ஆனால் அக்கா யாரோடோ பேசுகிறாள், தங்கை வாசிக்கிறாள். ஏன்? கோடு சரியாகத்தானே இருக்கிறது?

6 ஆகஸ்ட், சனி

ஷஹீன் பேசி முடித்ததும் அறையே அணைந்துபோகிற மாதிரி ஒரு வெறுமை வந்தது. "அவ பேசாத எடத்துல ரூம் சத்தம் இருக்கும், அத வெட்டி உன் வசனத்துக்கு அடியில போடு" என்றான் அண்ணன். நான் தள்ளிவிட்ட மிச்சத்தை இன்றுதான் ஹெட்போனில் போட்டுக் கேட்டேன்.

வெறும் அறை இல்லை அது. என் வசனம் வரவேண்டிய இடங்களிலெல்லாம், மைக்குக்குத் தூரத்தில் ஒரு பெண் என் வசனத்தைச் சொல்கிறாள். ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். ஷஹீனும் சிரிக்கிறாள். "ஜோதி, ஒழுங்கா சொல்லுடி. இன்னொரு தபா."

ஜோதி யார்?

ஹெட்போனைக் கழற்றிவைத்தேன். அண்ணன் "இன்னா, முடிஞ்சிடுச்சா?" என்றான். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

7 ஆகஸ்ட், ஞாயிறு

நான் எழுதுனது. என் வசனம். நான் இங்க போர்வைக்குள்ள உக்காந்து தனியா கத்திட்டிருக்கேன், அங்க இன்னொருத்தி என் எடத்துல உக்காந்து சிரிக்கிறா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

மாலை போன் செய்தேன். ஜோதி யாரென்று கேட்டேன்.

"எங்க கிளாஸ்டி. புதுசா சேந்திருக்கா. ஏன்?"

"என் வசனத்த எதுக்கு அவ சொல்றா?"

"பின்ன? எதுத்தாப்ல யாராவது சொன்னாத்தான எனக்குப் பேச்சு வரும். நீ யாரோட பேசின?"

"யாரோடயும் இல்ல. சுவத்தப் பாத்து."

"பைத்தியம், அங்க ஒருத்தரும் இல்லியா?" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

அம்மாவுக்கு மாலை ஷிப்ட். அப்பா ராணிப்பேட்டையிலிருந்து இன்னும் வரவில்லை. சுவரிலிருந்து போர்வைகளை எடுத்து மடித்தேன். நாடகத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டுவிட்டால் அப்புறம் அவளுக்குப் போன் செய்ய என்ன காரணம் இருக்கும்?

9 ஆகஸ்ட், செவ்வாய்

மதியம் தனகோடியிடம் கேட்டேன். கேட்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

"சனிக்கிழம எங்க வீட்டுக்கு வரியா? ஒரு நாடகம். நீ அக்கா வசனத்தச் சொல்லணும், நான் பதில் சொல்வேன். ஆனா உன் குரல் அதுல வராது. வெட்டிடுவேன்."

"வெட்டறதுக்கா கூப்புடற?" என்றாள். பிறகு, "சாப்பாடு போடுவியா?"

"போடுவேன்."

"சரி வர்றேன்."

13 ஆகஸ்ட், சனி

தனகோடிக்கு நடிக்கத் தெரியவில்லை. அக்கா பேசவேண்டியதை ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி சொல்கிறாள். போர்வைகளைப் பார்த்து, "இன்னாடி இது, சலவைக் கடையா?" என்று கேட்டுவிட்டு ஒரு ஜமுக்காளத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஆனால் நான் பேசும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போனப்புறம் இந்த அறையில யார்கிட்ட பேசுவேன்?" என்று தங்கை கேட்கும் இடம். அடுத்த வரியைச் சொல்லாமல் அப்படியே இருந்தாள். காகிதத்தைப் பார் என்று சைகை காட்டினேன். "இரு," என்றாள், "அவ அழுவட்டும்."

அந்த இடைவெளியை வெட்டவில்லை.

20 ஆகஸ்ட், சனி

அதே கோடுகள், அதே பாதி அளவு. இந்த முறை இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் கல்யாண ஆல்பத்தை மூடிவைத்துவிட்டு முழுவதும் கேட்டான். கேலி செய்யவில்லை.

3 செப்டம்பர், சனி

போட்டி. ஷஹீன் ஜோதியோடு வந்திருந்தாள். ஜோதி குள்ளமாக, பல்வரிசை தெரியச் சிரிக்கிறாள். பிடிக்கக்கூடாது என்று இருந்தேன். பிடித்தது.

பரிசு கிடைக்கவில்லை. நடுவராக வந்த மிஸ் எங்களைக் கூப்பிட்டு, "நல்லா இருந்துச்சும்மா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்துதான பேசுனீங்க?" என்று கேட்டார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் ஷஹீன், "ஆமா மிஸ்" என்றாள். என் கையைப் பிடித்திருந்தாள். பிறகு ஆம்பூர் பஸ் வந்துவிடும் என்று ஜோதி கூப்பிட, "போன் பண்றேன்டி" என்று ஓடினாள். எப்போது என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கென்று போட்டுவைத்த நாடக சிடியை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டாள். என் பையிலேயே இருந்தது. என்னோடு வந்திருந்த தனகோடி கையை நீட்டினாள்.

"எங்கிட்ட குடு. எங்க தெருவுல ஒரு வீட்டுல சிடி பிளேயர் இருக்குது, எங்கம்மாவ கூட்டினு போய் கேக்க வெக்கிறேன்."

"உன் குரல் அதுல எங்கயும் இல்லையே."

"அதுக்கு இன்னா? நீ எங்கிட்டதான பேசின?"

கொடுத்தேன்.