கைலித் துணியில் இரண்டு சட்டைகள்

அண்ணி,

பையின் ஜிப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த மஞ்சள்தான். சுருட்டி வைத்த சட்டையின் கீழ் ஓரத்தில், விரல் நுனி அளவுக்கு. ஒரு வருடம் பைக்குள்ளேயே கிடந்து பழுப்பேறியிருந்தது. சட்டையை விரித்து, கழுத்துப் பட்டியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நீலப் பையை இன்று காலை அம்மாதான் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டாள். "சும்மாதானே கெடக்குது, இதுலயே உன் துணிய எடுத்து வெச்சிக்கோ. ரெண்டு நாளுக்கு இது போதும்" என்றாள். மத்தியான ரயிலில் சென்னைக்குப் போகிறோம். அண்ணனுக்குப் பெண் பார்க்க. உங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணன் வாசல்படியில் நின்று பையைப் பார்த்தான். "இந்தப் பையா?" என்று மட்டும் கேட்டான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். இன்றைக்கு அங்கே அவனுக்கு வேலையே இல்லை.

போன கோடையில் சென்னைக்குக் கடல் பார்க்கப் போக இதே பையைத்தான் நீங்களும் நானும் அடுக்கினோம். பொதட்டூர்பேட்டையில் உங்கள் நைனா தன் தறியில் நெய்த கைலித் துணி, கறுப்பும் அரக்கும் கட்டம் போட்டது. அதை எடுத்துவந்து உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஒரே அளவில் இரண்டு சட்டைகள் தைத்தீர்கள். முழங்கால் வரை நீளம், பக்கத்தில் பை, அரைக் கை. அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உங்க நைனா இடுப்புல கட்டறத நீ தோள்ல மாட்டிகினு போவப் போறியா?"

"துணிக்கு இன்னா தெரியும் அத்தை, இடுப்பு எது தோள் எதுன்னு?" என்றீர்கள். அம்மாவே சிரித்துவிட்டாள். நீங்கள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அம்மா அப்படிச் சிரித்தது.

பை அடுக்குவதில் உங்களுக்கு இருந்த ஆசை கொஞ்சமா? ஜார்ஜெட்டை எடுத்தால் பிடுங்கி வைத்தீர்கள். "மெட்ராஸ் வேர்வைக்கு அது முதுகோட ஒட்டிக்கும் பாப்பா. அழகா இருக்கணும், ஆனா மூச்சு விட முடியணும்." இரண்டு பேருக்கும் கறுப்பு பேன்ட், எந்தச் சட்டைக்கும் பொருந்தும் என்று. நான் புதுச் செருப்பை எடுத்து வந்தபோது, "கால கடிச்சிரும், நொண்டிகினேதான் கடல பாப்ப. பழசையே தொடச்சி எடுத்துக்கோ" என்றீர்கள். எல்லாவற்றையும் இறுகச் சுருட்டி ஒரே பைக்குள் திணித்தீர்கள். பெரிய பை தூக்குகிறவர்களைத்தான் ஊரிலிருந்து வந்தவர்கள் என்று கண்டுபிடிப்பார்களாம். அதை யார் உங்களுக்குச் சொன்னார்கள் என்று கேட்டேன். "நானே கண்டுபுடிச்சேன்" என்றீர்கள். நீங்களும் அதுவரை சென்னைக்குப் போனதில்லை.

எனக்குப் போகவே பயமாக இருந்தது. அது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து நின்றால் பேச வராது என்று பத்தாவதோடு நின்றுவிட்டவள் நான். பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதற்கு நீங்கள் சொன்னீர்கள், "அங்க நம்மள யாருக்குமே தெரியாது பாப்பா. நீ தப்பாப் பேசினாக்கூட, நாளைக்கு அவங்க மூஞ்ச நீ பாக்கப் போறதில்ல." இதுவரை யாரும் எனக்குச் சொன்ன ஆறுதல்களில் அது ஒன்றுதான் பலித்துவிடும் போல இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தீர்கள். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் போடக்கூடாது. என் சட்டையின் ஓரத்தில் வைக்கப் போனபோது நான் தடுத்தேன். எல்லோருக்கும் தெரியுமே என்றேன்.

"இதுக்குமா வெக்கம்? சரி, உனக்குக் கழுத்துப் பட்டிக்கு உள்ள வெக்கறேன். சாமிக்கு மட்டும் தெரியும். எனக்கு வெளியவே இருக்கட்டும். புதுசுன்னு நாலு பேர் பாக்கணும்ல?"

அன்று சாயங்காலமே உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் சூடு என்றோம். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. சென்னைக்கு நீங்கள் போனது ஆம்புலன்சில். பை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

உங்களைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தபோது பெரியம்மாதான் சொன்னார், ஆசையாகத் தைத்தது, போட்டுப் பார்க்காமலே போகிறாளே, அதையும் கூட வைத்து அனுப்புவோம் என்று. அவரே பையைத் திறந்து மேலே இருந்த சட்டையை எடுத்தார். "இது அவளுதுதானே? பாத்துச் சொல்லு. உசுரோட இருக்கறவ துணி கூடப் போவக்கூடாது" என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே, "ஆங், அவளுதுதான்" என்றாள். கழுத்துப் பட்டியை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? நான் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தேன். என் கண்ணுக்குக் கட்டம்தான் தெரிந்தது.

உங்களோடு போனது என் சட்டை, அண்ணி. உங்களுடையது இங்கேயே இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். மலைக் கோயிலுக்கு ஓடி என் பேரில் அர்ச்சனை செய்வாள், எனக்குக் கயிறு கட்டுவாள், சட்டையை அடுப்பில் போடுவாள். உங்கள் புடவைகளையெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. உங்கள் போட்டோவையும் கூடத்திலிருந்து போன வாரம் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். பெண் வீட்டார் வந்து பார்த்தால் மனசு சங்கடப்படுமாம். அவள் மேலும் தப்பில்லை. இராத்திரி அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போகும்போதெல்லாம் அந்தத் தட்டைக் கழுவுகிறவள் அவள்தான். ஆனால் இந்தச் சட்டையும் போய்விட்டால், நீங்கள் இந்த வீட்டில் இருந்தீர்கள் என்பதற்கு எதை எடுத்துக் காட்டுவது?

அம்மா வந்து கட்டிலில் ரோஸ் கலர் உடுப்பு ஒன்றை வைத்தாள். மார்பெல்லாம் கண்ணாடி மணி, உள்ளே சொரசொரவென்று வலை. "இத போட்டுக்கோ. அந்தக் கைலி சட்டைய மாட்டிகினு வந்து அவங்க எதிர்ல மானத்த வாங்காத, சொல்லிட்டேன்." அவள் திரும்பி நடந்தபோது, நீங்கள் இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். அந்த உடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குள் மூச்சு விட முடியாது.

கறுப்பு பேன்ட்டை எடுத்தேன். பழைய செருப்பை ஈரத்துணியால் துடைத்தேன். மாற்று உடுப்பைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அண்ணன் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பெரியம்மாவும் வந்துவிட்டிருந்தார். "இன்னும் இன்னாடி பண்ணிகினு இருக்க உள்ள?" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

ரோஸ் உடுப்பை மடித்து பீரோவில் உங்கள் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டேன். மஞ்சள் வெளியே தெரியும்படி ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டு, கூடத்துக்கு வந்து அவர்கள் எதிரில் நின்றேன்.