ராமக்காளோடு நின்ற கோடு

4 மார்ச் 2024, பாப்பாரப்பட்டி

பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தெளிவுக்காக:

1. மகன் அருள்குமாருக்கு நாற்பது வயதில் குடல் புற்றுநோய் வந்தது பரம்பரை மரபணுக் கோளாறால். அது எனக்கோ என் மனைவி நிர்மலாவுக்கோ இருக்க வேண்டும்.
2. என் அப்பா நாற்பத்தொன்பதில் இதே நோயில் போனார். ஆகவே என் வழி.
3. நிர்மலாவுக்குச் சோதனை தேவையில்லை.
4. ஊசிக்கு நான் பயப்படக் கூடாது.

7 மார்ச்

ஆஸ்பத்திரியில் கேட்ட வம்சப் படத்தை ஸ்கேல் வைத்து வரைந்தேன். அப்பா, நான், பங்காளிகள் எல்லோரும். அக்கா ராமக்காள் பெயருக்குக் கீழே குறுக்குக் கோடு போட்டு நிறுத்தினேன். கட்டிக்கொடுத்த பெண் வேறு வகையறாவைச் சேர்ந்தவள். எங்கள் குலதெய்வக் கோயில் பங்காளிப் பட்டியலிலும் அப்படித்தான். அவள் போனது ஐம்பத்தொன்றில், கர்ப்பப்பைப் புற்றில். அது வேறு நோய்தானே?

நிர்மலாவுக்குத் தனித் தாள், அவள் அப்பா வகையறாவில். அங்கே யாருக்கும் இல்லை.

11 மார்ச்

ரயிலில் போய் வந்தேன். மரபணு ஆலோசகர் சுசித்ரா சின்னப் பெண். அருளின் அம்மாவையும் அழைத்து வந்திருக்கலாமே என்றாள். அவங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க என்றேன். சரி, முதலில் உங்களுக்குப் பார்ப்போம் என்றாள். ஊசி வலிக்கவில்லை.

23 மார்ச்

முடிவு வரவில்லை. அருளுக்கு நான் கொடுத்தது இதுவா?

8 ஏப்ரல்

என்னிடம் அந்தக் கோளாறு இல்லை.

மூச்சு விட்டேன். உடனே வெட்கமாகிவிட்டது. அப்படியானால் அருளுக்கு எங்கிருந்து?

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நிர்மலாவிடம் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"எங்கம்மா யாருங்க மாமா? உங்க அக்கா தானுங்களே. அவளும் உங்க அப்பாவுக்குத்தான பொறந்தா?"

கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள்.

"முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு அப்பன் பாதி ஆத்தா பாதின்னு பட்டாணிச் செடி கதை சொன்னீங்க. வூட்டுல இருக்கறவளுக்கு மட்டும் வேற பாடமா?"

அக்கா மகளைத்தான் கட்டினேன். நாற்பத்திரண்டு வருஷம் ஆச்சு. அதையே மறந்து எப்படி அப்படி வரைஞ்சேன்? மறக்கலையே — தெரிஞ்சேதான் கோடு போட்டேன்.

9 ஏப்ரல்

சுசித்ராவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கோளாறு இருந்தால் கர்ப்பப்பையிலும் புற்று வரலாம் என்றாள். "அம்மாவ உடனே கூட்டிட்டு வாங்க ஐயா. தள்ளி வெச்சுட்டிருக்காதீங்க."

நிர்மலாவுக்கு வயது அறுபத்தொன்று. ஒரு மாதத்தை நான் வீணாக்கியிருக்கிறேன்.

6 மே

நிர்மலாவுக்கு இருக்கிறது.

பேருந்தில் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை; என் பங்கையும் அவளே தின்றாள்.

21 மே

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் இரண்டு சதை முளைகள். பார்த்தபோதே எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வர ஒரு வாரமாகும். கர்ப்பப்பை ஸ்கேனில் எதுவும் இல்லை.

29 மே

ஒரு முளை புற்றாக மாறும் தறுவாயில் இருந்ததாம். மாறவில்லை. இனி வருஷம் தவறாமல் கேமரா பார்க்க வேண்டும். நிர்மலா கேட்டுக்கொண்டு, மாவு அரைக்கப் போய்விட்டாள்.

பழைய வம்சப் படத்தை எடுத்தேன். ரப்பரால் தேய்த்தும் குறுக்குக் கோட்டின் தடம் தெரிகிறது. அதன் மேலேயே அப்பாவிலிருந்து ராமக்காளுக்கு, ராமக்காளிலிருந்து நிர்மலாவுக்கு, நிர்மலாவிலிருந்து அருளுக்குக் கோடு இழுத்தேன். நேராகத்தான் வந்தது.

மார்ச் நான்காம் தேதி எழுதியதில் இரண்டாவது பாதி தவறு; மூன்றாவது முழுத் தவறு.