கூட்ஸ் வண்டி விசாரித்தது

மெல்பி, கான்சாஸ்
மே மாதம், ஞாயிறு

அன்பு மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? சியாட்டில் மழையை டிவியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் நெஞ்சுச் சளிதான் ஞாபகம் வருகிறது.

இங்கே கோதுமை முழங்கால் உயரம் நிற்கிறது. நீ பள்ளிக்குப் போன காலத்தில் புல் மண்டிக் கிடந்த தண்டவாளத்தில் மறுபடி கூட்ஸ் ஓடுகிறதென்று சொன்னேனே, உன் அப்பாவுக்கு இப்போது அதுதான் உலகம். செவ்வாயும் வெள்ளியும் விடிந்ததும் பிளாஸ்கில் காபியோடு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிராஸிங்கில் போய் உட்கார்ந்துவிடுவார், சர்ச்சுக்குக்கூட இத்தனை சீக்கிரம் எழுந்த மனிதரில்லை. இருப்பதே இரண்டு எஞ்சின், இரண்டும் யாரோ ஓட்டிக் கழித்தவை, ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. இன்றைக்கு எது வரும் என்பதில் அப்படி ஒரு துடிப்பு. எஞ்சினைத் திருப்ப வசதியில்லாததால் போகும்போது முகத்தையும் வரும்போது முதுகையும் காட்டும். அது தெரியாமல் நான், டிரைவர் எதையோ மறந்துவிட்டு ரிவர்ஸில் போகிறார் என்று சர்ச்சில் சொல்லிவைக்க, இன்னும் என்னைக் கேலி செய்கிறார்கள்.

எங்களுக்காகக் கீழறையை ஒழித்து வைத்ததாக எழுதியிருந்தாய். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறோம் என்று கிறிஸ்துமஸில் சொன்னதே நான்தான். ஆனால் இரண்டு வாரம் முன்பு வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள். அப்பாவுக்குக் காய்ச்சல், நான் எழுந்திருக்க விடவில்லை. "நீ போய் நீலமா ஆரஞ்சான்னு மட்டும் பாத்துட்டு வந்துடு வெர்னா" என்று கெஞ்சினார், பாவமாக இருந்தது, போனேன். அந்த கிராஸிங்கில் கேட் இல்லாததால் வண்டி நிற்கும், டீக் என்கிற கார்டு இறங்கிச் சிவப்புக் கொடியோடு ரோட்டை மறித்த பிறகுதான் நகரும். அன்று அவன் ரோட்டுப் பக்கமே போகவில்லை. நேராக பிக்கப்புக்கு ஓடிவந்து, "டெல்மர் எங்கம்மா? நல்லாத்தானே இருக்காரு?" என்று உன் அப்பாவைத்தான் கேட்டான், முகம் வெளுத்துவிட்டது. காய்ச்சல்தான் என்றதும் எஞ்சினைப் பார்த்து, "ரோண்டா, கிழவர் கெட்டி! வெறும் காய்ச்சலாம்!" என்று கத்தினான். டிரைவர் ரோண்டா ஜன்னலில் தலையை நீட்டி, "படுத்துக்கிட்டா விட்டுருவேனா, இதோ எழுப்பறேன் பாருங்கக்கா" என்று ஹாரனை அழுத்தியதில் வயலெல்லாம் அதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன் ஜோலீன். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா தலையணையில் சாய்ந்து, "எனக்குத்தானே அடிச்சா?" என்று சிரிக்கிறார். என்ன நிறம் என்று அவர் கேட்டபோதுதான், நான் எஞ்சினைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது.

அதனால் நாங்கள் வரவில்லை கண்ணே. உன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்காது, தெரியும். ஆனால் நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் எங்களைக் காணோமே என்று கேட்க அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? இங்கே ஒரு ரயில் நின்று கேட்கிறது. கோபித்துக்கொள்ளாதே, கட்டிலை அப்படியே போட்டு வை, பனிக்காலத்தில் வந்து உன்னோடு தங்குகிறோம்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. செவ்வாயும் வெள்ளியும் காலையில் போன் செய்யாதே, எடுக்க ஆள் இருக்காது, இப்போதெல்லாம் பிளாஸ்கில் இரண்டு பேருக்குக் காபி ஊற்றுகிறேன்.

உன் அம்மா,
வெர்னா