பாட்டுக்கு நடுவே அம்மா

அக்கா,

நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட ராக் குழு நேற்று மாலை கடைசியாகப் பாடியது. நீ வந்திருந்ததை நான் பார்த்தேன். நான் வந்திருந்ததை நீ பார்க்கவில்லை.

ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அவர்கள் பாட்டை நாம் பதிவு செய்த கேசட்டை நீ மறந்திருக்கமாட்டாய். இரண்டாம் சரணம் முடிந்து கிட்டார் மட்டும் ஒலிக்கும் இடத்தில், சமையலறையிலிருந்து அம்மாவின் குரலும் பதிந்துவிட்டது. "ஏண்டி, வந்து கொட்டிக்கிறீங்களா, இல்ல நாய்க்குப் போடவா?" பத்து வருஷம் அந்தப் பாட்டை அப்படித்தான் கேட்டோம்.

நேற்று அந்த இடம் வந்ததும் மைதானமே மூச்சுவிடாமல் நின்றது. என் வாய் என்னைக் கேட்காமல் அம்மாவின் வசவைக் கத்திவிட்டது. அதே நொடியில் நான்கு வரிசை முன்னாலிருந்து இன்னொரு குரல், அதே வசவு, அதே இழுவை.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உன் பக்கத்தில் நின்றவர், "யாரு சாப்பிடலன்னு இப்படிக் கத்துற?" என்று பதறினார். நீ திரும்பிக் கூட்டத்தைத் துழாவினாய்.

நான் குனிந்துகொண்டேன். உனக்கு அவர் வேண்டாம் என்று சொல்லி, உன் கல்யாணத்துக்கும் வராதவள் எந்த முகத்தோடு நிமிர்வது? ஆனால் குனிந்தபடியே வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கடைசிப் பாட்டு முழுக்க நீ மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னையே தேடினாய். கோபமாக இருப்பவள் அப்படித் தேடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அத்தானை மட்டும் வீட்டில் இருக்கச் சொல். நான் முதலில் பேச வேண்டியது அவரிடம்தான்.

உன் தங்கை