அந்தத் தாளுக்காக

ஷமன்குலோ, மாபுத்து
12 ஜூலை 1981

அன்புள்ள தலீத்தாவுக்கு,

அண்ணி பெல்மிரா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டில் எல்லோரும் நல்ல சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் படித்த நம் ரோங்கா மொழி எழுத்து இது. எழுதி எத்தனையோ வருஷமாயிற்று, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கூட்டுறவுக் கடை மீன் வரிசையில் என் இடத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு, பக்கத்துச் சுவர்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் அபிலியோ போய்விட்டான், தலீத்தா. மார்ச் ஒன்பதாம் தேதி. பெய்ராவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன், கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்து இறங்கினான். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். முப்பத்தொரு வயது. கல்யாணமும் ஆகவில்லை, பின்னால் ஒரு பிள்ளையும் இல்லை. உனக்குச் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

செப்டம்பர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஆறு மாத நினைவு. உன் சித்தப்பா வந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறார்:

"பையன் பேரச் சொல்லி முன்னோர்கிட்ட ஒப்படைக்கிறது யாரு பெல்மிரா? அத்தைக்காரி எங்க?"

"மான்யிசாவுல இருக்கா."

"புதைச்ச அன்னிக்கும் மான்யிசாவுலதான் இருந்தாளா? பஸ்ஸு ஓடலியா?"

அவரே மேலே பேசினார்.

"அப்பன்கூடப் பொறந்தவ கூப்பிட்டுச் சொன்னாத்தான் அவங்களுக்குக் கேக்கும். நீ எந்தக் குடும்பத்துலயிருந்தோ வந்தவ. நீ தொண்டை கிழியக் கத்தினாலும் எங்காளுங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க. அவன் வாசல்லயே நிப்பான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். பழைய விஷயம் உன் மனதில் இருக்கும். அந்தத் தாளுக்காக உன் அண்ணன் அப்போது என்னென்னவோ செய்ய வேண்டியிருந்தது. அவர் சொன்னபடி நான் நடந்தேன். அவரே போய் ஏழு வருஷமாகிறது. அதையும் அவரோடு புதைத்துவிடுவோம். நீ வா.

உன் அண்ணி,
பெல்மிரா


மான்யிசா
2 ஆகஸ்ட் 1981

மதிப்புக்குரிய சென்யோராவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெற்ற பிள்ளையைப் புதைத்த கைக்கு ஆறுதல் எழுத எனக்குத் தெரியவில்லை. கடவுள் உங்களைத் தாங்கட்டும்.

எஜமானியைக் கூப்பிடுகிற மாதிரி சென்யோரா என்று கூப்பிடுவது உங்களுக்கு ஒன்றும் புதிதில்லையே. வீட்டுக்கு யாராவது வந்தால் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நீங்கள்தான் பழக்கினீர்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்துக் காய்கறிக்காரிகள் ஷிப்பமனின் சந்தையில்தான் வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அது உங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு.

என் அண்ணனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குப் போர்த்துகீசு தெரியாதுதான். ஆனால் யார் வாய் திறந்தது, யார் வாய் மூடியது என்று பார்க்கக் கண் இருந்தது. நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியும். கரும்புத் தோட்டத்துத் துரை வீட்டில் எங்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். செத்தவர் எழுந்துவந்து இல்லை என்று சொல்ல மாட்டார். அதற்காக அவர் தலையில் போடாதீர்கள்.

நான் வந்தால் யாராக வர வேண்டும்? அதை எழுதுங்கள். பிறகு பார்க்கலாம்.

இங்கே மழை இல்லை. வேர்க்கடலை பாதி கருகிவிட்டது.

தலீத்தா


ஷமன்குலோ, மாபுத்து
16 ஆகஸ்ட் 1981

தலீத்தாவுக்கு,

உன் கடிதத்தை மடித்து வைப்பேன், திரும்ப எடுப்பேன். பத்து நாளாக இதுதான் வேலை. நீ எழுதியது அத்தனையும் உண்மை. ஆள் இருந்தார்கள். உன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

அன்றைக்கு நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நீ பார்த்ததுதான். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

அபிலியோவுக்கு ஆறு வயது. நாகரிகம் அடைந்தவர்கள் என்று வெள்ளைக்கார அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் அந்தத் தாள் இல்லாமல் அரசாங்கப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். தாள் வேண்டுமென்றால் நம் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று காட்ட வேண்டும். வீட்டுக்குள் போர்த்துகீசுதான் பேச வேண்டும், மேசையில் உட்கார்ந்து முள்கரண்டியால் சாப்பிட வேண்டும், ஊர்ச் சொந்தம் வந்து பாயில் உட்காரக் கூடாது. உன் அண்ணன் ஒரு மேசையும் ஆறு முள்கரண்டியும் இரவல் வாங்கி வந்தார். தினமும் சாயங்காலம் எனக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார். வணக்கம், உட்காருங்கள், காப்பி சாப்பிடுகிறீர்களா, நன்றி. கிளி மாதிரி ஒப்பித்தேன். எங்களோடு இருந்த உன்னைப் பற்றிக் கேட்டால் தங்கச்சி, மிஷனில் படித்தவள் என்று சொல்லலாம் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆய்வாளர் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். நீ சமையலறையில் பாயில் உட்கார்ந்து, மரவள்ளிக் கீரையில் சோளக்களியைத் தொட்டு அபிலியோவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாய். மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். குழந்தை வாயெல்லாம் கீரை.

"யாரு இது?" என்று கேட்டார்.

உன் அண்ணன், "ஐயா, இது என்னோட..." என்று ஆரம்பித்தார்.

"வேலைக்காரி" என்றேன் நான்.

ஆய்வாளருக்கு ஒரே சந்தோஷம். அவர் பேசியதை உன் அண்ணன் பிறகுதான் எனக்கு விளக்கினார். "ஓகோ, வேலைக்காரியெல்லாம் வெச்சிருக்கீங்களா! பரவாயில்லையே" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அபிலியோவைப் பார்த்து, "எங்க, ஒன் வேலைக்காரியக் கூப்புடு பாப்போம். எனக்குத் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்றார்.

குழந்தை என் முகத்தைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். அவன் விரலைச் சொடுக்கினான். எந்தத் துரை வீட்டு வராந்தாவில் பார்த்தானோ. நீ எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். ஆய்வாளர் அவன் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

தாள் வந்தது. அதோடு நான் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்கள் திரும்ப வருவார்கள் என்று சொல்லி உன்னைப் பின்பக்கக் கொட்டகையில் படுக்க வைத்தேன். அவன் அத்தை என்று கூப்பிட்டபோதெல்லாம் வாயில் அடித்தேன். ஒரு வருஷம் பொறுத்தாய். நீ மூட்டையோடு கிளம்பிய அன்று உன் அண்ணன் பஸ் நிலையம்வரை வந்தார். நான் துணி துவைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். தொட்டியில் துணியே இல்லை.

அப்படி அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த படிப்பு என்ன ஆயிற்று என்றும் கேள். ஒரு ரோங்கா வார்த்தை வாயில் வந்தாலும் அவன் உள்ளங்கையில் பலகையால் அடித்து வீங்க வைத்து அனுப்பினார்கள். அடி வாங்காமல் இருக்கட்டும் என்று நானும் அவனிடம் ரோங்கா பேசுவதை விட்டேன். எனக்கோ போர்த்துகீசில் உப்பு, தண்ணீர், சாப்பிடு, தூங்கு. அதோடு சரி. பிறகு அவன் விடுதிக்குப் போனான். பெரியவனாக வந்தபோது இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு மரியாதையாக இருந்தோம் தெரியுமா, விருந்தாளிகள் மாதிரி.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் பேசினான். காய்ச்சலில் எல்லாம் போர்த்துகீசுதான். வேகமாகப் பேசினான். கடைசியில் என்னை ஏதோ கேட்டான். திரும்பவும் கேட்டான். "சரிப்பா, சரி" என்றேன். எதற்குச் சரி என்று சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படித்த பெண் ஒருத்தி இருந்தாள், கேட்டிருக்கலாம். பெற்ற பிள்ளை பேசுவது புரியவில்லை என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வேன்? கண்ணை மூடிக்கொண்டான்.

யாராக வர வேண்டும் என்று கேட்டாய். அவனுடைய அத்தையாக வா. நான் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். முதலில் நான் சொல்லி முடிக்கிறேன். அதற்குப் பிறகு நீ அவனைக் கூப்பிடு.

பெல்மிரா


மான்யிசா
3 செப்டம்பர் 1981

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். அந்தத் துணி இல்லாத தொட்டியை எழுதாமல் விட்டிருக்கலாம். அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்தேன்.

நானும் உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்க அரசாங்கம் வாத்தியார்களை ஊர் ஊராக அனுப்பியதே, இந்தப் பக்கத்துக்கு வந்தவன் அபிலியோ. உங்களுக்கு வேறு ஏதோ சொல்லியிருப்பான். பெயரைக் கேள்விப்பட்டு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் அண்ணன் நடை, எங்கள் அண்ணன் நெற்றி. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை, "இந்த அறையில போர்த்துகீசு மட்டுந்தான்." பக்கத்தில் இருந்த கிழவி, "அடப்பாவி, வெள்ளைக்காரன் போயிட்டான்னாங்களே, இவன் யாரு?" என்று முணுமுணுத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் போய், "நான் தலீத்தா. ஒன் அத்தை" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு வலது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அண்ணி.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வருவான். பாயில் உட்கார்ந்து சாப்பிடுவான். நான் ஒரு வார்த்தை சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வான். நம் பேச்சை வெள்ளைக்காரப் பாதிரி மாதிரிதான் பேசினான். என் மகள்கள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிங்க. எங்கம்மா முன்னாடி இப்படிப் பேசினா எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க" என்பான். "நல்லாப் பேச வந்தப்புறம் போய் எங்கம்மாகூட ஒரு நாள் பூரா உக்காந்து பேசுவேன் அத்தை. அதுவரைக்கும் சொல்லிடாதீங்க." மூன்று மாதம் வந்தான். பிறகு பெய்ராவுக்கு மாற்றிவிட்டார்கள். பாதிதான் படித்திருந்தான்.

அவன் போன சேதி எனக்கு மார்ச் மாதமே தெரியும். அவனோடு வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து சொன்னார். மறுநாள் விடியற்காலையில் எங்கள் அப்பா நட்ட மரத்தடியில் நீர் ஊற்றி, அண்ணன் பேர், அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் சொல்லி அவனை ஒப்படைத்துவிட்டேன். அவன் வாசலில் நிற்கவில்லை. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். சித்தப்பாவிடமும் சொல்லிவிடுங்கள்.

அத்தையாக நான் செய்ய வேண்டியது முடிந்தது. நினைவு நாளுக்கு நான் வரவில்லை. உங்கள் முன்னால் வந்து உட்கார எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும் என்று பொய்யாக எழுதவும் மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலீத்தா


ஷமன்குலோ, மாபுத்து
14 செப்டம்பர் 1981

தலீத்தாவுக்கு,

நேற்று நினைவு நாள் நடந்தது. சித்தப்பா எழுந்து, "அத்தை வந்தாளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மான்யிசாவிலேயே ஒப்படைத்துவிட்டாள் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். ஒருத்தரும் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உட்காரவில்லை. கூடப் பிறந்தவளை வேலைக்காரி என்று சொன்னது என் புருஷன் இல்லை, நான் என்று சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையை விரல் சொடுக்க வைத்ததைச் சொன்னேன். கொட்டகையைச் சொன்னேன். சர்ச் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தப் பேட்டையில் அந்தத் தாள் வாங்கிய வீடு இன்னும் நாலைந்து இருக்கிறது. அவர்கள் வீட்டில் யாரை யாராக்கினார்களோ. பக்கத்து வீட்டு ஃபிலோமெனா மட்டும், "இதெல்லாம் இப்ப எதுக்குக்கா? செத்தவன் நாளும் அதுவுமா" என்றாள்.

சித்தப்பா ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். "அவ வராததுல தப்பே இல்ல" என்றார். அப்புறம் என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் வரிசையில் நின்று வாங்கிய மீன். முக்கால்வாசிப் பேர் தொடாமல் எழுந்து போனார்கள்.

இதைச் செய்தேன், அதனால் நீ வா என்று எழுதவில்லை. நீ வர வேண்டாம். உன்னை மறுபடியும் கூப்பிட மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று மூன்று மாதம் படித்தானே, முதலில் என்ன சொல்லப்போகிறேன் என்று உன்னிடம் சொன்னானா? ஏதாவது சொல்லிப் பார்த்தானா? சொல்லியிருந்தால், அவன் சொன்ன மாதிரியே, தப்பாகச் சொல்லியிருந்தால் அந்தத் தப்போடே எழுது. எழுத மனமில்லை என்றால் விட்டுவிடு. அது உன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னது. எனக்கு அதைக் கேட்க உரிமை இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

பெல்மிரா